சீப்பில் ஒட்டாத காகிதம்

என் மகளின் அறிவியல் வாத்தியாரை நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். ஒல்லியான ஆள். பேசும்போது சட்டைப்பையில் இருக்கும் சீப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அந்தச் சீப்பைப் பிள்ளைகளின் தலையில் தேய்த்து, காகிதத் துண்டுகளை ஒட்டவைத்துத்தான் நிலைமின்சாரம் சொல்லிக்கொடுப்பாராம்.

அன்று மகள் அழுதுகொண்டே வந்து, இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் அவரே கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். வாத்தியார் வீடு தேடி வந்தால் பிள்ளை ஏதோ வம்பு செய்திருக்கிறது என்றுதான் எங்கள் தெருவில் பேசிக்கொள்வார்கள்.

“எல்லாரையும் தலைக்குக் குளிச்சிட்டு வரச் சொன்னேன். பாப்பா எண்ணெய்த் தலையோட வந்துச்சு, காகிதம் ஒட்டல. ‘தலையில எண்ணெய்க் கடையா வெச்சிருக்கே’ன்னு கேட்டுட்டேன். கிளாஸே சிரிச்சிடுச்சு.”

“தண்ணி லாரி வர்ல சார். இருந்தத சோறாக்க வெச்சிக்கினோம்.” சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

அவர் நிமிரவில்லை. “அத நான் கேக்கவே இல்ல பாருங்க.”

பிறகு என் மகளிடம் சீப்பை நீட்டி, முடியே இல்லாத தன் தலையைக் குனிந்து காட்டினார்.

“நாளைக்கு கிளாஸ்ல இதுல தேய்ம்மா. இதுலயும் ஒட்டாது. எல்லாரும் என்னப் பாத்து சிரிக்கட்டும்.”

மறுநாள் அவள் போனாள். திரும்பி வந்ததும் கேட்டேன்: “இன்னாம்மா, சிரிச்சாங்களா?”

“எல்லாரும் சிரிச்சாங்க நைனா. சாரும் சிரிச்சாரு. எனக்குத்தான் சிரிப்பு வர்ல.”