பத்துத் தண்ணீர்

அந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் அக்காவுக்குப் 'பத்துத் தண்ணி' என்றே பெயர். சோப்புப் போட்டுத் தேய்த்த குடுவையைப் பத்து முறை அலசாமல் கீழே வைக்க மாட்டாள். ஒன்பதோடு நிறுத்தச் சொன்னால், பெற்ற பிள்ளைக்குப் பாதித் தலை துவட்டச் சொன்னது போல முறைப்பாள். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். கையுறை போட்டால் கண்ணாடி வழுக்குகிறது என்று, இரண்டு குடுவை உடைந்த பிறகு அதைக் கழற்றிப் போட்டுவிட்டாள். விரல் கணுவெல்லாம் வெடிப்பு.

அலசி முடித்ததும் அவளுக்கென்று ஒரு சோதனை உண்டு. எண்ணெய் தடவிய தட்டில் கடைசித் தண்ணீரை ஒரு சொட்டு விடுவாள். சொட்டு குண்டாக எழுந்து நின்றால் குடுவை சுத்தம். படுத்துப் பரவினால் சோப்பு இன்னும் போகவில்லை.

மூன்றாவது மேசையில் இருந்த ஆராய்ச்சிப் பெண்ணுக்கும் இதே சோதனைதான். ஆனால் அவளுக்குச் சொட்டு படுக்க வேண்டும்! எண்ணெய் ஊறிய மண்ணில் வாழும் சில கிருமிகள், அந்த எண்ணெயைத் தின்பதற்காகத் தாங்களே ஒருவகைச் சோப்பைச் சுரக்கின்றன. அவற்றை வளர்த்து அந்தச் சோப்பை எடுத்தால் கடலில் கொட்டிய எண்ணெயைப் பிரிக்கலாம், பாத்திரம் கழுவலாம், முகக் களிம்பில்கூடச் சேர்க்கலாம். வேலை முடிந்ததும் மண்ணோடு மண்ணாகிவிடும். பஸ் டிப்போ, லாரி ஷெட் என்று அலைந்து மண் அள்ளிவந்து, அதிலுள்ள கிருமியைப் பிரித்து, கேன்டீனில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஊட்டி, குலுக்கும் இயந்திரத்தில் மூன்று நாள் வைத்து, பிறகு சொட்டு விட்டுப் பார்ப்பாள். இருநூற்றுப் பதினாறு மண் பார்த்தாயிற்று. எல்லாச் சொட்டும் விறைப்பாக நின்றன. மாதக் கடைசிக்குள் ஒன்றாவது விழாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

"உங்க சொட்டும் நிக்குது, என் சொட்டும் நிக்குது. உங்களுக்குச் சந்தோஷம், எனக்கு வயித்தெரிச்சல்" என்பாள் அக்காவிடம்.

"படுக்கும்மா. எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை படுக்கலையா? அந்த மாதிரி ஒருநாள் அசையாம படுக்கும்."

இருநூற்றுப் பதினேழாவது சொட்டு படுத்தது. பெண் தலைகால் புரியாமல் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்காவின் கண்ணோ குடுவை மேல் போனது. அந்தக் குடுவையைக் கழுவிய அன்று விரல் பிளந்து, தண்ணீர் பட்டாலே உயிர் போனது. ஏழோடு நிறுத்தியிருந்தாள். சொட்டும் விட்டுப் பார்க்கவில்லை. இப்போது படுத்தது கிருமியின் சோப்பிலா, கடைச் சோப்பிலா?

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். கண்டக்டர் மனுஷன், டிக்கெட் கிழிப்பது போல ஒரே வெட்டாகச் சொன்னார்: "யாராவது உன்னைக் கேட்டாங்களா? வாயைக் கொடுத்து வம்பை வாங்காதே."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பெண்ணிடம் மென்று விழுங்காமல் சொல்லிவிட்டாள். பெண்ணின் முகம் வெளுத்தது.

"ஏன்க்கா சொன்னீங்க?" என்றாள். திரும்பித் தன் மேசைக்குப் போய்விட்டாள். மாதம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது.

சாயங்காலம் அக்கா இரண்டு குடுவைகளை எடுத்துத் தேய்த்தாள். ஒன்று அந்தக் கிருமிக்கு, மற்றது கிருமி வளரும் அதே சத்துநீரைக் கிருமி இல்லாமல் வைத்துப் பார்க்க. நாலாவது தண்ணீரில் விரலில் சுற்றிய துணி சிவந்தது. நிலைப்படியில் நின்ற பெண் அதைப் பார்த்துவிட்டாள். இரண்டு வருஷமாக அவள் அந்தக் கைகளைப் பார்த்ததே இல்லை. குடுவையை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

"கையை எடுங்கக்கா. மிச்சத்தை நான் அலசறேன்."

"நீ அலசினா எனக்கு நம்பிக்கை வராது. எண்ணு, போதும்."

"அஞ்சு... ஆறு..." பெண் எண்ணினாள். ஏழில் ஒரு கணம் நின்றாள். அக்கா நிற்கவில்லை. பத்து முடிந்து சொட்டு விட்டார்கள். இரண்டு குடுவைச் சொட்டும் ஜம்மென்று நின்றன.

மூன்று நாள் கழித்து அதே தட்டில் மறுபடியும் இரண்டு சொட்டு. கிருமி இல்லாத குடுவையின் சொட்டு நின்றது. கிருமிக் குடுவையின் சொட்டு கொஞ்சம் யோசித்தது. பிறகு அப்படியே சாய்ந்து தட்டெங்கும் பரவியது.

"அக்கா, உங்க சொட்டு, என் சொட்டு, ரெண்டும் பாஸ்!" என்று பெண் அழுதாள். அக்காவும் அழுதாள், கண்ணாடியில் கண்ணீர் விழாமல் தள்ளி நின்றுகொண்டு.

ஒரு வருஷம் போனது. கெடுதல் இல்லை என்று எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு, பெண் ஒரு சின்ன பாட்டிலோடு கழுவும் அறைக்கு வந்தாள்.

"நம்ம இருநூத்திப் பதினேழோட சோப்பு. இதுல கழுவிப் பாருங்க."

அக்கா தேய்த்தாள். கை எரியவில்லை. நம்பாமல் இன்னும் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தாள். அப்போதும் எரியவில்லை. குழாயைத் திறந்து அலச ஆரம்பித்தாள்.

பக்கத்தில் நின்ற பெண், யாரும் கேட்காமலேயே எண்ணத் தொடங்கினாள்.

"ஒண்ணு... ரெண்டு..."