ஜப்பான்காரன் ஆட்டமும் வெள்ளைக்காரன் ஆட்டமும்

எங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் என் கணவர். பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பழுது பார்க்கிறவர். இன்னொருவன் என் கூடப் பிறந்த தம்பி. அப்பா அம்மா தூரத்தில், பாலோ ஊரில் இருக்கிறார்கள். அங்கிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக முடியாது என்பதால் மாசாயில் எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கி, விடியுமுன்னே மோட்டாரில் பாலம் கடந்து போய்க்கொண்டிருந்தான். இரண்டு பேருமே நல்ல மாதிரி. குடிப்பதில்லை. கோயிலில் அன்னதானம் என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வாளி தூக்குவார்கள். ஆனால் இருவரும் சேர்ந்து வாங்கிய அந்தக் கேம் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால், ஜப்பான்காரன் ஆட்டம் உசத்தியா, வெள்ளைக்காரன் ஆட்டம் உசத்தியா என்று தொடங்கிவிடுவார்கள். எனக்கு வரும் எரிச்சலில் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது.

இரண்டுமே கதை ஆட்டங்கள்தாம். ஒரு ஆளாக மாறி, ஊர் ஊராகப் போய், சண்டை போட்டு, பலம் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். முடிய மாதக் கணக்காகும். என் கணவருக்கு ஜப்பான்காரன் செய்தது. தம்பிக்கு வெள்ளைக்காரன் செய்தது.

கணவரின் ஆட்டத்தில் கதாநாயகனை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். தலைமுடி துடைப்பம் மாதிரி நிற்கும். ஆளைவிடக் கத்தி பெரிது. கூடவே நாலைந்து கூட்டாளிகள். எதிரி வந்தால் இவர்கள் ஒரு வரிசை, அவர்கள் ஒரு வரிசை. இவன் ஒரு அடி அடித்துவிட்டு நிற்பான். பிறகு அவன் அடிப்பான்.

"நம்ம அடிச்சு முடிக்கிற வரைக்கும் அவன் சும்மா நிப்பானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதான் மரியாதை," என்றார் கணவர்.

தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாமா, மாசாய் சிக்னல்ல செவப்பு லைட்டுக்கே எவனும் நிக்க மாட்டான். உங்க பேய்ங்க மட்டும் கியூ கட்டி நிக்குது."

"உன் ஆட்டத்துல மூக்கு செய்யவே ரெண்டு மணி நேரம் ஆச்சே மாப்ள, அது மட்டும் என்னவாம்?"

அதுவும் உண்மை. வெள்ளைக்காரன் ஆட்டத்தில் முகத்தை நாமே செய்ய வேண்டும். தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் ஒரு மூக்கைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்ததும் அந்த முகத்தை இரும்புத் தொப்பியால் மூடிவிட்டான். கேட்டால், "உள்ள இருக்குல்ல அக்கா," என்கிறான்.

எனக்கு இரண்டிலுமே ஒட்டாத விஷயம் ஒன்று உண்டு. நான் வெள்ளி, செவ்வாய் விளக்கு வைக்கிறவள். எங்கள் சாமி மேடையும் தொலைக்காட்சியும் ஒரே சுவரில்தான் இருக்கின்றன. தாமானில் இருக்கும் சின்ன வரிசை வீட்டில் வேறு இடம் ஏது? கணவரின் ஆட்டம் எதை எடுத்தாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரு சாமிதான். பத்துக் கை, பின்னால் ஒளிவட்டம், மேளதாளம் எல்லாம் உண்டு. அதைத்தான் இவர்கள் கொல்ல வேண்டும்.

"முருகன் பாத்துக்கிட்டு இருக்காருங்க," என்றேன்.

"அது சாமி இல்லம்மா. சாமின்னு சொல்லிக்கிட்டு ஊர ஏமாத்துறவன்."

"அப்படின்னா வெள்ளிக்கெழம வேணாம். மத்த நாள் கொல்லுங்க."

தம்பியின் ஆட்டத்தில் சாமிகள் ஒரு பட்டியலாக வருகிறார்கள். கைப்பேசிக்கு உறை தேர்ந்தெடுக்கிற மாதிரி ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம், வேண்டாம் என்றும் விட்டுவிடலாம். அவன் வேண்டாம் என்று விட்டதைப் பார்த்த அன்றைக்கு அவனிடம் நான் பேசவே இல்லை.

ஆனாலும் பொய் சொல்லக் கூடாது. இரண்டிலும் எனக்குப் பிடித்தவை உண்டு. ஜப்பான்காரன் பாட்டு அவ்வளவு நன்றாக இருக்கும். ஒரு குக்கிராமத்துக்குள் நுழைந்தால் அதற்கென்று ஒரு மெட்டு வரும். சமைத்துக்கொண்டே அதை முணுமுணுத்திருக்கிறேன். கூட்டாளிகளில் ஒரு பெண் பாதியில் செத்துப்போனபோது என் கணவர் கைலி முனையால் கண்ணைத் துடைத்தார். சாதாரணமாக அழுகிறவர் இல்லை அவர். நானும் சமையலறை வாசலில் நின்று அழுதேன்.

தம்பியின் ஆட்டத்தில் வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு பேச்சுக்கும் நான்கு பதில்கள் எழுதி வரும். எதைச் சொல்கிறோமோ அதன்படி கதை திரும்பும். ஒருநாள் ஒரு கைம்பெண் ஊராரிடம் பொய் சொல்லியிருந்தாள். என்ன செய்யலாம் என்று என்னையே கேட்டான்.

"உண்மைய சொல்லிரு."

"சொன்னா வெரட்டிருவாங்க அக்கா."

"இருந்தாலும் சொல்லிரு."

சொன்னான். ஊரார் அவளை விரட்டினார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது வீடு காலியாகக் கிடந்தது. கதவு மட்டும் காற்றில் ஆடியது. இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை. கணவரின் ஆட்டத்தில் அந்தத் தொல்லை கிடையாது. அதிலும் 'சரியா, இல்லையா' என்று கேட்பார்கள். ஆனால் பதில் எதுவானாலும் கதை தன் வழியில்தான் போகும்.

"மாமா கேம்ல 'இல்ல'ன்னு சொன்னா திரும்பக் கேப்பான்," என்பான் தம்பி. "மறுபடியும் 'இல்ல'ன்னா மறுபடியும் கேப்பான். அக்கா உங்கள கடைக்குப் போகச் சொல்ற மாதிரி."

இப்படிக் கேலியும் கிண்டலுமாக ஓடிக்கொண்டிருந்ததுதான் ஒரு வெள்ளிக்கிழமையில் வினையாகிப்போனது.

தம்பியின் ஆட்டத்தை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் பதிந்துவைக்கலாம். கணவர் அப்போது ஆடிக்கொண்டிருந்தது ஒரு பழைய ஆட்டம். அதில் அங்கங்கே இருக்கும் ஒளிக்கல்லைத் தொட்டால்தான் பதியும். வியாழன் இரவு அவர் ஒரு பெரிய கோபுரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். அடுத்த கல் உச்சியில்தான் இருக்கிறதாம்; அதற்குமுன் மெஷின் அணைந்தால் ஏறியதெல்லாம் போய்விடுமாம். காலை வேலைக்குப் போகவேண்டி வந்ததால், மெஷினை அணைக்காமல் அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிட்டுப் போய்விட்டார். தம்பியிடம் சொல்லியிருந்தார். என்னிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நான் சாமி மேடையை ஈரத்துணியால் துடைப்பேன். மேடையில் ஒரு மின் விளக்கு இருக்கிறது. முன்பு ஒரு தடவை ஈரக் கையோடு தொட்டு ஷாக் அடித்துவிட்டது. அதிலிருந்து, "மொதல்ல கீழ இருக்கிற சுவிட்ச மொத்தமா அடைச்சிட்டு அப்புறம் தொடை," என்று கணவர்தான் சட்டம் போட்டிருந்தார். அந்த ஒரே நீட்டு வயரில்தான் விளக்கு, தொலைக்காட்சி, கேம் மெஷின் எல்லாமே. நான் அடைத்தேன், துடைத்தேன், பூ வைத்தேன், மறுபடி சுவிட்சைப் போட்டேன். மெஷினில் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கு எரியவில்லை என்பதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, நல்லதாயிற்று, கரண்டாவது மிச்சம் என்று நினைத்தேன்.

தம்பிக்கு அன்று லீவு. தாமதமாக எழுந்து வந்து மெஷினைப் போட்டு அவன் ஆட்டத்தை ஆடினான். மூன்றரைக்குக் கணவர் வந்தார்.

"என் கேம் எங்க?"

"மெஷின் ஆஃப்ல இருந்துச்சு மாமா. நான் வர்றப்பவே செத்துக் கெடந்துச்சு."

"அதுவா செத்துச்சா? நேத்துதான சொன்ன, இந்தக் கெழட்டு கேம்ம ஒரு நாள் புடுங்கி எறியறேன்னு?"

"சொன்னேன் லா. சும்மா வெளையாட்டுக்கு."

"வெளையாட்டா? என் வீட்ல ஒண்டிக்கிட்டு, என் சோத்தத் தின்னுக்கிட்டு, எனக்கே வெளையாட்டுக் காட்டுறியா?"

அப்போது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீரை மாற்றி மறுபடியும் களைந்தேன். சுவிட்சை அடைத்தது நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. இவர்கள் அடித்துக்கொள்வதும் கூடிக்கொள்வதும் புதிதா, ராத்திரி சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும் என்று இருந்தேன். அதோடு, இந்த மெஷினுக்காக என்மேலும் ஒரு கத்தல் விழ வேண்டுமா என்ற வெறுப்பும் இருந்தது. தம்பி பின்னறைக்குள் போனான். துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கூட வேலை செய்கிறவர்களின் பிளாட்டுக்குப் போய்விட்டான்.

ராத்திரி சாப்பாட்டுக்குள் எதுவும் சரியாகவில்லை.

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, சஷ்டிக்குச் சஷ்டி விரதமிருந்து பெற்ற பிள்ளை. காது குத்துகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டதற்கு, மூன்று வாரத்தில் நாள் குறித்திருந்தோம். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி.

இரண்டு வாரம் கழித்து அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'சீர்த் தட்ட அம்மாகிட்ட குடுத்து விடறேன். நான் வரல.'

போன் செய்தேன், எடுக்கவில்லை. கணவரிடம் சொன்னேன். "வரலைன்னா விடு. உங்க சித்தப்பா மகன உக்கார வெச்சுக்கலாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினைந்து நாளாக இதே முகம்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மெஷினைத் தூக்கி வடிகாலில் போட்டுவிடலாம் என்று இருந்தது. அப்படிப் போட்டாலும் உண்மையைச் சொன்னதாகாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை விளக்கு ஏற்றிவிட்டு நின்றேன். 'பிள்ளை காரியத்தை நல்லபடியா நடத்திக் கொடு' என்று கேட்க வேண்டும். வாய் வரவில்லை. முருகனிடம் எதைக் கேட்பது? அந்தச் சுவிட்சை நான் அடைத்தபோது அவர் எதிரில்தானே இருந்தார்? ஆட்டத்தில் வந்த அந்தக் கைம்பெண்ணைப் பற்றி உண்மையைச் சொல்லிரு என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! அது அடுத்தவள் விஷயம்.

இரண்டு நாள் அதே நினைப்பாகவே போனது. வியாழன் காலை, கணவருக்கு லீவு. தோசை போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அன்னிக்கு சுவிட்ச அடைச்சது நான்தாங்க."

"எந்த சுவிட்ச?"

"சாமி மேட தொடைக்கிறப்ப. உங்க கேம் போனது அதாலதான். அவன் தொடவே இல்ல."

மெல்லுவதை நிறுத்தினார். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க கத்துனப்பவே."

"அலமாக்," என்று தலையில் கை வைத்தார். தோசைத் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு மெதுவாக, "அந்தக் கோபுரத்த நான் மறுநாளே ஏறிட்டேன்," என்றார்.

"என்னது?"

"சனிக்கெழமையே. வழிதான் தெரியுமே. மூணு மணி நேரத்துல முடிஞ்சிருச்சு."

என் கையில் தோசைக் கரண்டி இருந்தது. கடவுள்தான் இவரைக் காப்பாற்றினார். "அப்ப இத்தன நாளா எதுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிருந்தீங்க?"

"நான் பேசிட்டேன். அடுத்து அவன் பேசணும்ல? அவன் முறைன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அன்று சாயங்காலமே அந்தப் பிளாட்டுக்குப் போனோம். நான்கு மாடி, லிப்ட் இல்லை. கதவைத் திறந்த தம்பி பிள்ளையை மட்டும் வாங்கிக்கொண்டான்.

"மாப்ள," என்றார் கணவர். "கேக்காம கத்திட்டேன். அதுல ஒண்டிக்கிட்டுன்னு ஒரு வார்த்த சொன்னேன் பாரு, அது தப்பு. மன்னிச்சிரு."

"மெஷின அடைச்சது யாரு?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். வெள்ளிக்கிழமை, ஈரத்துணி, சுவிட்ச், எல்லாவற்றையும். தம்பி கேட்டுக்கொண்டே பிள்ளையின் செருப்பைக் கழற்றினான்.

"கேம் போனா போகுது," என்றான். "மாமா கோவக்காரரு. அது எனக்குத் தெரியும். நீ அங்கயே நின்ன அக்கா. அவரு என்னைய ஒண்டிக்கிட்டுன்னு சொன்னப்ப, நீ அரிசி களைஞ்சிக்கிட்டு இருந்த. நீ திரும்பிக்கூடப் பாக்கல."

இதற்கு அவன் ஆட்டத்தில் வருகிற மாதிரி நான்கு பதில்கள் எழுதிக் காட்டியிருந்தாலும் எடுப்பதற்கு ஒன்று இருந்திருக்காது. அழுதால் அதையே சாக்காக வைத்துத் தப்பித்த மாதிரி ஆகிவிடும் என்று அழாமல் நின்றேன்.

"தப்புதான்டா," என்றேன்.

அவன் உள்ளே போனான். கணவரும் பின்னாலேயே போனார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. "அந்த உச்சியில இருந்த பேய கொன்னுட்டீங்களா மாமா?" என்று தம்பி கேட்பதும், "ஒரே அடி மாப்ள!" என்று இவர் சொல்வதும், "அது கியூல நின்னிருக்கும், பாவம்," என்று அவன் சொல்வதும் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. அவர்களுக்குள் முடிந்துவிட்டது. கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்காமல், "பாப்பாவுக்காக வர்றேன்," என்றான்.

சொன்ன மாதிரியே காது குத்துக்கு வந்தான். பட்டு வேட்டி, ஐந்து சீர்த் தட்டு, பிள்ளைக்குப் பச்சைப் பாவாடை. வந்தவர்கள் எல்லோரிடமும் சிரித்துப் பேசினான். என்னிடம் மட்டும் தட்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தான். சந்நிதிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்ததும் பிள்ளை போட்ட கூச்சலில் நாதஸ்வரமே கேட்கவில்லை. இரண்டாவது காதுக்குத் தலையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கால் இரண்டும் ஆசாரியின் தட்டை உதைத்தன.

"அக்கா," என்றான் தம்பி, தலையைத் தூக்காமலே. "கால புடி."

நான் முட்டி போட்டு உட்கார்ந்து பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொண்டேன்.