தொண்ணூற்றாறு மில்லிமீட்டர்

ஜெஸ்லாவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அது நல்ல பழக்கம் என்றுதான் அவளுடைய வகுப்பே நம்பிக்கொண்டிருந்தது.

மாவட்டத்துத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கட்டட நிர்மாண டிப்ளோமாவின் கடைசித் தவணை அது. உயர்தரப் பரீட்சையை இரண்டு தடவை கணிதப் பிரிவில் எழுதி, இரண்டு தடவையும் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே விழுந்தவள் அவள். பொறியியல் பட்டப்படிப்புக்கு இனி ஒரு வாசல்தான் மிச்சம். டிப்ளோமாவை நல்ல பெறுபேற்றோடு முடித்தால் கொழும்பில் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேரலாம். ஒரு பாடத்தில் ‘சி’ இருந்தால் பார்த்தும் பாராமல் விடுவார்கள், இரண்டாவது ‘சி’க்கு மன்னிப்பே கிடையாது. கொங்கிரீட் பாடத்தில் அந்த ஒன்றை ஏற்கனவே வாங்கிவிட்டாள். ஆகவே நிலஅளவையில் ‘பி’ வந்தே ஆக வேண்டும். நாலந்தாவில் மிளகு வியாபாரம் செய்யும் அவளுடைய வாப்பா பஸீர், பாவம், அந்த ‘பி’யைக் கடை வாசலில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

நிலஅளவையில் லெவலிங் என்று ஒன்று உண்டு. பெரிய மாயம் ஒன்றுமில்லை. உயரம் தெரிந்த ஒரு மட்டக்குறியில் தொடங்கி, முக்காலியில் கருவியை வைத்து, எதிரே ஒருவர் பிடித்திருக்கும் அளவுகோலைப் பார்த்துப் பார்த்து வாசிப்பு எழுதிக்கொண்டே நடந்து, உயரம் தெரிந்த இன்னொரு குறியில் போய் முடிக்க வேண்டும். உங்கள் கணக்கில் வரும் உயரமும் தாளில் கொடுத்திருக்கும் உயரமும் ஒத்துப்போக வேண்டும். மனிதக் கண் பார்ப்பதால் அது அச்சொட்டாக ஒத்துப்போகாது. அதற்காகத்தான் பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்கிறார்கள்.

பதினைந்து, இருபது என்று பிழை வந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஜெஸ்லாவிடம் வருவார்கள். அவள் பென்சிலை எடுத்து இங்கே இரண்டு, அங்கே மூன்று என்று வாசிப்புகளைத் தட்டிக்கொட்டி, ஒரு நிமிடத்தில் கணக்கை மூடிக் கொடுத்துவிடுவாள். கூலி, தேத்தண்ணியோடு கடிக்க ஒரு பட்டிஸ். இது களவு என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. உதவி என்றே நினைத்தாள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பொய் சொல்வானேன்.

இறுதிச் செய்முறைப் பரீட்சை நாலந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு கிளை வீதியில் நடந்தது. பாடசாலைப் படலையில் உள்ள மட்டக்குறியில் தொடங்கி, ஒரு கிலோமீட்டர் தள்ளி மதகுச் சுவரில் பதித்த பித்தளைக் குறியில் முடிக்க வேண்டும். இருவர் இருவராகப் போக வேண்டும், ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் அரை மணி நேர இடைவெளி. நாலு மணிக்குள் தாளைக் கொடுத்துவிட வேண்டும். பரீட்சகர் அஸ்ஹர் சேர், லக்கலப் பக்கம் நீர்ப்பாசன வேலையில் இருக்கும் பொறியியலாளர். அதிகம் பேசாத மனிதர்.

ஜெஸ்லாவின் ஜோடி ரஜீவ். தோட்டத்துப் பையன், அளவுகோலைப் பிடித்தால் தூண் மாதிரி நிற்பான். நாலரை பஸ்ஸை விட்டால் அவனுக்கு இரவு ஏழு மணிக்குத்தான் அடுத்தது. இருவரும் வெயிலில் வெந்து, மதகில் முடித்து, பஸ் தரிப்பிடத்து நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். தாளில் இருந்ததை விடத் தொண்ணூற்றாறு மில்லிமீட்டர் கூட வந்தது.

ஜெஸ்லா வாசிப்புகளை மேலிருந்து கீழே ஓடவிட்டுப் பார்த்தாள். இருபதைத் தட்டலாம், முப்பதைக்கூடத் தட்டலாம். தொண்ணூற்றாறு என்றால் கிட்டத்தட்ட அரைச் சாண். திரும்பவும் கூட்டினாள். திரும்பவும் அதே எண். எங்கேயோ தான்தான் கண்மூடித்தனமாக வாசித்துத் தொலைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, யாருக்கும் தெரியாமல் தன் தாளைத் தட்டவும் பென்சிலை எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் சர்மிளா வந்து பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

“ஜெஸ்லா, வெளியில சொல்லிறாதீங்க. எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா பிழைச்சுப் போச்சு. பார்த்துக் குடுங்களேன்.”

தன் கவலையை மறக்க அதுவும் ஒரு வழி என்று ஜெஸ்லா அவளுடைய வாசிப்புப் புத்தகத்தை வாங்கினாள். பதினாலு வாசிப்பு, ஒவ்வொன்றிலும் ஏழு மில்லிமீட்டர். அழித்து அழித்து எழுதிக் கொடுத்தாள். முழுப் பிழை எவ்வளவு என்பது கண்ணில் பட்டும் மனதில் பதியவில்லை, கை தானாகவே வேலை செய்தது. சர்மிளா போன கையோடு யஹ்யா வந்தான். வகுப்பிலேயே வாயாடி அவன். அன்றைக்கு முகம் தொங்கிப் போயிருந்தது.

“சிரிக்க வேணாம். தொண்ணூத்தேழு.”

ஜெஸ்லா சிரிக்கவில்லை. பென்சில் நின்றுவிட்டது. பதினாலு ஏழு தொண்ணூற்றெட்டு என்பது அப்போதுதான் அவள் மண்டையில் ஏறியது. மூன்று குழு, மூன்று பேருடைய கண், ஒரே பக்கத்துக்கு ஒரே பிழை. மூன்று பேருமா ஒரே இடத்தில் குருடாவார்கள்?

“ரஜீவ், வாங்க. மதகுக்குப் போவோம்.”

“இப்பவா? மூணே கால் ஆச்சுங்க.”

புறுபுறுத்துக்கொண்டே வந்தான். இவ்வளவு நேரமும் அந்தச் சுவரின் மேல் அளவுகோலை வைத்தவர்கள் சுவரைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார்கள். புத்தம் புதுச் சீமெந்து. போன நவம்பர் வெள்ளம் பழைய சுவரை அள்ளிக்கொண்டு போயிருந்தது. புதிதாகக் கட்டிய மேசன், கீழே கிடந்த பித்தளைக் குறியைக் கண்டு, ஏதோ அரசாங்கத்துச் சாமான் வீணாகப் போகக் கூடாதென்று துடைத்து மினுக்கி, புதுச் சுவரின் உச்சியில் அழகாகப் பதித்து வைத்திருந்தான். நல்ல மனசுக்காரன். குறி கிட்டத்தட்ட நாலு அங்குலம் மேலே ஏறியிருந்தது. தாளில் மட்டும் பழைய உயரம் அப்படியே இருந்தது.

“அப்ப நாங்க பிழைக்கலயே!” ரஜீவ் வாயெல்லாம் பல்லாக நின்றான். உடனேயே அந்தச் சிரிப்பு வற்றியது. “ஆனா இத சேர்கிட்ட எப்படிச் சொல்றது? மத்தவங்க கணக்கு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரே.”

அதுதான் விஷயம். பேசாமல் இருந்து தன் தாளையும் தட்டிக் கொடுத்தால் ‘பி’ நிச்சயம், கொழும்பு நிச்சயம். தன்னுடைய தொண்ணூற்றாறை மட்டும் அப்படியே கொடுத்தால் யார் நம்புவார்கள்? கணக்குத் தெரியாத பெண் என்று ‘சி’யைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். மூன்று புத்தகத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் அது சாட்சி. காட்டினால் அவளுடைய பட்டிஸ் வியாபாரமும் அம்பலமாகும்.

ஜெஸ்லாவுக்குப் பயமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஆனாலும் அந்தச் சுவரைக் கண்ட பிறகு ஏழு ஏழாக அழிக்கக் கை வரவில்லை. சரியாக அளந்ததைத் தன் கையாலேயே பிழையாக்குவதா?

பஸ் தரிப்பிடத்துக்குத் திரும்பி, மூன்று புத்தகத்தையும் சேரிடம் காட்டுவோம் என்று அவள் கேட்டதும் யஹ்யா உடனே சரி என்றான். சர்மிளா நெருப்பாகிவிட்டாள்.

“நம்பித்தானே உங்ககிட்ட வந்தேன்! என்னையும் சேத்து மாட்டி விடப் போறீங்களா?”

“உங்க புத்தகத்துல இருக்கிறது என் எழுத்து சர்மிளா. மாட்டினா நான்தான் மாட்டுவேன்.”

சர்மிளா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்துவிட்டாள்.

பாடசாலை மண்டபத்தில் அஸ்ஹர் சேர் ஒரு மேசையில் இருந்தார். முன்னால் இரண்டு தாள்கள், காலையில் முதலில் போன இரண்டு குழுக்களுடையவை. ஜெஸ்லா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். வெள்ளம், சுவர், மேசன், தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு.

“இந்த ரெண்டு குரூப்பும் மூணு மில்லிமீட்டர்ல மூடியிருக்காங்களே?” என்றார் அவர்.

அந்தத் தாள்களில் ஜெஸ்லாவின் கை படவில்லை, அவளைப் பார்த்துப் பழகியதை அவர்கள் தாங்களே செய்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு புத்தகம் தொப்பென்று மேசையில் விழுந்தது. சர்மிளா. யாருடைய முகத்தையும் பார்க்காமல், “எங்களுக்கும் அப்படித்தான் சேர்,” என்றாள்.

அவர் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்தார். ரப்பர் போட்டுத் தாள் நைந்திருந்தது.

“இந்த எழுத்து யாருடையது?”

“என்னோடது சேர். எல்லாருக்கும் நான்தான் சரி பண்ணிக் குடுக்கிறது. முதல்ல இருந்தே.”

அஸ்ஹர் சேர் எழுந்து கருவியைத் தானே தூக்கினார். பழைய தபாற்கந்தோர்ப் படியில் இன்னொரு மட்டக்குறி இருந்தது. அங்கிருந்து மதகுக்குக் கருவியை இரண்டே தடவை வைத்தால் போதும். எல்லாரும் பின்னால் கூட்டமாகப் போனார்கள். அவர் வாசித்தார், எழுதினார், கூட்டினார். தொண்ணூற்றைந்து.

புத்தகத்தை மூடிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“காலையில அந்த ரெண்டு தாளையும் பார்த்து, கெட்டிக்காரப் பிள்ளைகள்னு நினைச்சேன். இப்படி மூடின கணக்கை நம்பி நாளைக்கு நான் ஒரு வாய்க்கால் வெட்டினா தண்ணி மேட்டுக்கா ஏறும்? அவங்க ரெண்டு குரூப்பும் நாளைக்குத் திரும்ப அளக்கட்டும். சர்மிளா, உங்க குரூப்பும்தான். ஆனா தானா வந்து காட்டினதுக்கு மார்க்ஸ் வெட்ட மாட்டேன். ஜெஸ்லா, உங்களுக்கு ‘ஏ’ போட வேண்டிய வேலை. இத்தனை நாள் ரப்பர் போட்டதுக்கு ஒரு படி இறக்கிட்டேன். ‘பி’.”

ஜெஸ்லா முக்காட்டு நுனியால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். ‘ஏ’ போனதற்கு அழுகிறாள் என்று நினைத்து யஹ்யா ஆறுதல் சொல்ல வந்தான். ரஜீவ் அவனைப் பிடித்து இழுத்தான்.

சேர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

“இந்தக் குறிக்குப் புது உயரத்தை அறிவிக்கணும். இனி இந்தப் பக்கம் ரோடு போடுறவங்க, பைப் போடுறவங்க எல்லாம் இந்த எண்ணை நம்பித்தான் வேலை செய்வாங்க. நீங்க எழுதுங்க. கீழ அளந்தவர் பேரும் போடுங்க, நான் சரிபார்த்தேன்னு கையெழுத்து வைக்கிறேன்.”

ஜெஸ்லா பேனாவை வாங்கினாள். அவருக்குத் தொண்ணூற்றைந்து, அவளுக்குத் தொண்ணூற்றாறு. ஒரு மில்லிமீட்டர்தான். யாரும் கேட்கப் போவதில்லை. பேனா தாளைத் தொடுமுன் கையை எடுத்துக்கொண்டாள்.

“சேர், இன்னொரு தடவை அளந்துட்டு எழுதட்டுமா?”

அவர் மணியைப் பார்த்தார். நாலு இருபது. நாலரை பஸ் சந்தியில் ஹோன் அடிப்பது கேட்டது. ரஜீவ் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு தபாற்கந்தோர்ப் பக்கம் நடந்தான்.