ரோசலின் அம்மாவுக்கு ஒரு கட்டில்

கஸ்தூரி தொலைபேசியில் அழைத்தபோது, திருவள்ளூரில் எங்கள் அறக்கட்டளையின் கொட்டகையில் ஒரு கட்டிலின் திருகுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். நோயாளிகளுக்கான இரும்புக் கட்டில். கால்மாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு மேலே எழும்பும். காலை ஒன்பது மணி இருக்கும்.

“சார், அம்மா போய்ட்டாங்க.”

“எங்க போய்ட்டாங்க?” என்று கேட்டேன். கோர்ட்டில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் கேட்கிற கேள்வியா இது! மறுமுனையில் அழுகைதான் கேட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எண்ணெய்க் கையோடு அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரோசலின் அம்மாவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்புறம், லாரிகள் திரும்பும் ரோட்டை ஒட்டி, ஒரு ஓட்டு வீட்டில் அவர் ஓர் இல்லம் நடத்திவந்தார். பிரஸ் மெஷினில் விரலோ கையோ போனவர்கள், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பிய பிறகு, வேறு வேலை கிடைக்கும்வரை தங்கும் இடம். அவரும் அதே பேட்டையில் தகடு அடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர்தான். அவருடைய தம்பிக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று. “கை போனதுக்குக்கூட அவன் அழுவல சார். சட்டை பட்டன் போடத் தெரியாம நின்னுகினு அழுதான்” என்று ஒருமுறை சொன்னார். அந்தத் தம்பிக்குப் பட்டன் போட்டுவிட ஆரம்பித்ததுதான் பிறகு இல்லமாயிற்று. கஸ்தூரியும் நான்கு விரல்களை இழந்து அங்கே வந்தவர்தான். பிறகு அங்கேயே சமையலுக்கு நின்றுவிட்டார்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு கம்பெனியின் வராந்தாவில். நன்கொடை கேட்டு விண்ணப்பித்த நான்கு சிறு அமைப்புகளை ஒரே நாளில், ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பெஞ்சில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் வேண்டும், இலவசமாக இரவல் கொடுக்க. ஆர்.கே.பேட்டை முனிரத்தினத்துக்கு, அவருடைய உழவர் சங்கம் ஏழைகளுக்குக் கொடுக்கும் அரிசியைச் சேமித்துவைக்க ஓர் அறை வேண்டும். திருநின்றவூரிலிருந்து வந்த பானு, தினமும் ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து சில பெண்களைக் கல்லூரியில் படிக்கவைப்பதாகச் சொன்னார். நான்காவதாக ரோசலின் அம்மா. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் என் பையை நடுவில் நகர்த்தி வைத்தேன்.

அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. “கட்டில் குடுக்கறீங்களாமே சார், யாரெல்லாம் வாங்கினு போறாங்க?” என்று ஆரம்பித்தவர், ஒரு மணி நேரம் என்னைப் பேசவைத்தார். எனக்கும் வாய் சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் கொட்டினேன்.

உள்ளே அழைத்ததும் நாங்கள் மூவரும் அவரவர் பெருமையை அளந்தோம். அவர் முறை வந்தது. எழுந்து நின்று என்னைக் காட்டி, “சார், பூண்டி ஏரி பக்கம் பக்கவாதத்துல விழுந்த ஒரு பெரியவர, கட்டில் இல்லாம கதவக் கழட்டிப் போட்டுப் படுக்க வெச்சிருக்காங்களாம். முதுகெல்லாம் புண்ணு. இவருக்குக் கட்டில் குடுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தம் இல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

வெளியே வந்ததும் டீக்கடையில் அவர்தான் சொன்னார்: “இப்பிடி ஒவ்வொருத்தரும் தனித்தனியா கையேந்திகினு நின்னா நமக்குள்ளதான் பேஜாரு. ஒண்ணா கேப்போம். வர்றத ஒண்ணா வெச்சுப் பிரிச்சுக்கலாம். ஆனா ஒண்ணு. யாரும் தன் வாயால தனக்குக் கேக்கக் கூடாது. அடுத்தவங்களுக்குத்தான் கேக்கணும்.”

அப்படித்தான் எங்கள் கூட்டுக்கொடை தொடங்கியது. மாதம் ஒருமுறை திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மாடி அறையில் கூடுவோம். அதற்கு முன் ஒவ்வொருவரும் முறை வைத்து மற்றொருவர் இடத்துக்குப் போய், அரைநாள் உட்கார்ந்திருந்து, அங்கே சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். பார்த்தவர் கூட்டத்தில் எழுந்து அவர்களுக்காகக் கேட்பார். அந்த இடத்தைச் சேர்ந்தவர் வாய் திறக்கக் கூடாது. சம்மதமென்றால் எல்லாரும் “ஆவட்டும்” என்போம். அவ்வளவுதான், எங்கள் சட்டதிட்டம்.

யாராவது போகாமலே போனதாகச் சொன்னால் ரோசலின் அம்மா விடமாட்டார். ஒருமுறை பானு ஆபீஸ் நெருக்கடியில் ஆர்.கே.பேட்டைக்குப் போகாமலே எழுந்து பேசத் தொடங்கினார். “அவங்க சமையல்கட்டுச் சொவுரு இன்னா கலரு, சொல்லும்மா பாப்போம்” என்று ரோசலின் அம்மா கேட்டார். பானு திருதிருவென்று விழித்தார். எல்லாரும் சிரித்தோம், பானு உட்பட. அந்த மாதம் முனிரத்தினத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காக ரோசலின் அம்மா அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முனிரத்தினத்தின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர். ரோசலின் அம்மாவின் அப்பாவும் தாத்தாவும் அப்படிப்பட்டவர்களின் நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் கூலிக்காரர்கள் தெருவில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத பரம்பரை முனிரத்தினத்துடையது. அவர் முறை வந்தபோது கும்மிடிப்பூண்டி இல்லத்துக்குப் போனார். சாப்பாட்டு நேரத்தில், “வயிறு சரியில்லம்மா” என்றார். அடுத்த முறையும் அதே வயிறு. மூன்றாம் முறை, சோற்றை மூடிவைத்துவிட்டு ரோசலின் அம்மா எதிரே உட்கார்ந்துகொண்டாராம்.

“சாப்பிடாதவங்க கூட்டத்துல பேசக் கூடாதுன்றது நம்ம விதிண்ணா. நீங்க பேசலன்னா இந்த மாசம் எங்களுக்கு அரிசி கெடையாது. பரவால்ல, கஞ்சி காய்ச்சிக்கறோம். நீங்க ஒடம்பப் பாத்துக்கோங்க.”

குரலில் கோபமே இல்லையாம். முனிரத்தினமே என்னிடம் சொன்னது இது. “இன்னா சார் பண்றது? அந்தம்மா திட்டியிருந்தா எழுந்து வந்திருப்பேன். திட்டல. தட்டெடுத்துப் போடும்மான்னேன். கருவாட்டுக் கொழம்பு. ரெண்டு தபா வாங்கிச் சாப்ட்டேன்.” அந்த மாதக் கூட்டத்தில் அவர் அந்த இல்லத்துக்காக வாதாடியதைப் போல ஒரு வக்கீல் வாதாடி நான் கோர்ட்டில் கேட்டதில்லை.

இதையெல்லாம் நான் நீட்டி முழக்குவதற்குக் காரணம் உண்டு. இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லக் கை வரவில்லை.

போன மாதம் கும்மிடிப்பூண்டிக்குப் போய்ப் பார்க்க வேண்டிய முறை என்னுடையது. ஒரே மாவட்டம் என்றுதான் பேர். திருவள்ளூரிலிருந்து ரயிலில் போவதென்றால் சென்னைவரை போய், வண்டி மாறி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். வெயில் வேறு கொளுத்தியது. முழங்கால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. சோம்பேறித்தனம். தொலைபேசியில் அழைத்தேன்.

“எல்லாம் எப்படி இருக்கும்மா?”

“கர்த்தர் கிருபைல ஓடுது சார். நீங்க வந்து பாருங்க.”

“அரிசி, எண்ணெயெல்லாம் இருக்கா?”

“இருக்கு சார். ஒரு நட வந்து பாத்துட்டுப் போங்க.” பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டுக்கு ஏது மாடி? ஓட்டு வீடு. அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

“சரிம்மா, வெச்சிடறேன்.”

“சார், வந்து பாருங்க” என்றார் மூன்றாம் முறையாக.

கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் வராத முதல் கூட்டம். கஸ்தூரியை அனுப்பியிருந்தார். நான் எழுந்து நின்று, சாட்சிக்கூண்டில் பொய் சொல்பவர்கள் எப்படிக் கணீரென்று பேசுவார்களோ, அப்படிப் பேசினேன்: “போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு குறையும் இல்லை. ரோசலின் அம்மா நன்றாக இருக்கிறார். இந்த மாதம் அவர்களுக்கு ஒன்றும் தேவைப்படாது.” சமையல்கட்டுச் சுவர் என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கிறவர் அங்கே இல்லையே. கஸ்தூரி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலில்லாத கையை மடியில் வைத்து மறு கையால் மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் “ஆவட்டும்” என்றார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தொலைபேசி வந்தது.

அன்று மட்டும் எனக்கு முழங்கால் வலிக்கவில்லை. இரண்டு ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தேன். முன்கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். முகமும் காலும் வீங்கி, நான் அறிந்த ரோசலின் அம்மாவாகவே இல்லை. கையில்லாதவர்களும் விரலில்லாதவர்களும் சுற்றி நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவருடைய அறைக்குள் போனேன். அங்கே கட்டில் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கு எதிரே ஒரு மேசை, மேசைமேல் துணி சுற்றிய ஒரு அரிசி மூட்டை. மூட்டையின் நடுவில் தலை வைத்த பள்ளம் இருந்தது.

“இதயம் வீங்கிடுச்சுன்னாங்க சார். படுத்தா மூச்சு முட்டும். ரெண்டு மாசமா இதும்மேலதான் சாஞ்சுகினு தூங்கினாங்க” என்றார் கஸ்தூரி.

தலைமாடு உயரும் கட்டில்! என் கொட்டகையில் மூன்று சும்மா கிடந்தன. ஊரெல்லாம் கட்டில் கொடுக்கிறவன் நான்.

“ஏம்மா, அன்னிக்குக் கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கத்திவிட்டேன். சாவு வீடு என்றுகூடப் பார்க்கவில்லை.

“நம்ம எடத்துக்கு நாமளே கேக்கக் கூடாதே சார். ‘நீ வாயத் தொறக்காத. சார் வருவாரு, பாத்தாருன்னா அவரே சொல்லுவாரு’ன்னு சொல்லித்தான் அனுப்பிச்சாங்க.” மூட்டையின் துணியைச் சரிசெய்துகொண்டே, “நீங்க வருவீங்கன்னு ரெண்டு நாள் மீன் வாங்கி வெச்சாங்க” என்றார்.

கட்டில் இருந்திருந்தாலும் உயிர் நின்றிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் கடைசி மூன்று வாரமாவது முதுகு சாய்த்துத் தூங்கியிருப்பார். தாம் போட்ட விதியைத் தமக்காக ஒரே ஒரு தரம் மீறியிருந்தால் போதும். மீறவில்லை. ‘வந்து பாருங்க’ என்பதற்கு மேல் ஒரு சொல் கேட்கவில்லை. அவர்மீது எனக்குக் கோபம்கூட வருகிறது. என்னத்தைச் சொல்ல, அந்தக் கோபமும் சுற்றிச் சுற்றி என்மேலேயே வந்து விழுகிறது.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் மறுபடி அங்கே போனேன். அரைநாள் உட்கார்ந்திருந்தேன். கஸ்தூரி பரிமாறினார். தட்டைக் காலி செய்தேன்.

அதற்கு மறுநாள் கூட்டம். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. நான் எழுந்தேன்.

“போன மாதம் நான் பொய் சொன்னேன். கும்மிடிப்பூண்டிக்குப் போகவில்லை. நேற்றுத்தான் முறைப்படி போனேன். அரைநாள் இருந்தேன். சாப்பிட்டேன். சமையல்கட்டுச் சுவர் பாதிவரை பச்சை. மேலே வெறும் சுண்ணாம்பு, அடுப்புக்கு நேரே கறுத்திருக்கிறது.” நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். “அந்த இல்லத்தில் ரோசலின் அம்மாவுக்குத் தலைமாடு உயரும் கட்டில் ஒன்று வேண்டும்.”

கீழே ஸ்டேஷனில் ஒரு மின்ரயில் வந்து நின்று புறப்பட்டுப் போனது. பானு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கடைசியில் முனிரத்தினம், “ஆவட்டும் சார்” என்றார். “ஆவட்டும்” என்று பானு சொன்னார். கஸ்தூரி சொல்லவில்லை. அவர் இடத்துக்கான பேச்சில் அவர் வாய் திறக்கக் கூடாது.

கட்டிலை நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவருடைய அறையில், அந்த மேசையை நகர்த்திவிட்டு, அதே இடத்தில் போட்டோம். பாதம் நசுங்கிய ஒரு தொழிலாளி மறுநாள் வருவதாக இருந்தார், அவருக்கு ஆகும் என்றார்கள். அதுவரை காலியாகத்தான் கிடந்தது. கஸ்தூரி கால்மாட்டில் குனிந்து, நல்ல கையால் கைப்பிடியைச் சுற்றினார். எண்ணெய் விட்டிருந்ததால் சத்தமில்லாமல் தலைமாடு எழும்பியது. பாதி உயரத்தில் நிறுத்திப் பார்த்தார். இன்னும் இரண்டு சுற்று சுற்றினார்.

“அம்மாவுக்கு இவ்ளோ ஒசரம் போதும் சார்.”

போய்வாருங்கள் அம்மா. வந்து பார்த்துவிட்டேன்.