சங்கு ஊதியதும் எழுந்தேன்

மாலை நான்கு இருபதுக்கு அந்தக் கப்பல் ஊதியது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மகள் நர்சிங் முடித்து வளைகுடாவில் வேலை வாங்கியிருந்தாள். மறுநாள் கொச்சியில் விமானம். தென்காசியிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய எங்கள் இருவருக்கும் ஒரு பகல் மீதமிருந்தது. படகில் துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்று கூப்பிட்டது நான்தான்.

ஆறு கடலில் கலக்கிற இடம். இருபுறமும் கிரேன்கள், துருப்பிடித்த இழுவைப் படகுகள், டீசல் வாடை. மேல்தட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லோரும் கப்பல்களைப் படமெடுக்க, மகள் என்னை எடுத்தாள்.

"எம்மா, ஆய்க்குடி கோயில்ல அவ்வளவு நேரம் கண்ண மூடிக்கிட்டு நின்னியே, என்ன வேண்டுன?"

"நீ நல்லபடியா போய்ச் சேரணும்னுதான்."

"மூஞ்சியப் பாரு. பொய் சொல்லுதே."

பொய்தான். இவள் போகாமல் இருக்கட்டும் என்று முருகனிடம் கேட்டிருந்தேன்.

எங்கள் பக்கம் சங்கு ஊதினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. குற்றாலத்து மெயினருவியில் தண்ணீர் கூடினால் அபாயச் சங்கு ஊதும். தலையில் எண்ணெய் வழிந்தாலும் அப்படியே வெளியே ஓடிவந்துவிட வேண்டும். போன சீசனில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் நின்றிருந்த இடத்தைச் செம்மண் வெள்ளம் மூடியிருந்தது.

படகு திரும்பி வந்து துறையை ஒட்டியது. இறங்குவதற்காகக் கீழ்த்தட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். கயிறு இன்னும் கட்டவில்லை. பின்னால் சரக்குக் கப்பல் நீளமாக ஊதியது. நான் எழுந்து, மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"எம்மா, இங்கன என்ன அருவியா கொட்டுது? கப்பல்ம்மா!"

படகுக்காரர் உட்காரச் சொல்லி மலையாளத்தில் கத்தினார், "சேச்சி, இரிக்கு! இரிக்கு!" நான் துறைப் படியில் தாவிவிட்டேன். கையை விடவில்லை. அவள் கால் வழுக்கியது. படகு ஒருமுறை ஆடி வந்து, துறைச் சுவரில் அவள் முன்கையை நசுக்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

இரண்டு இடத்தில் முறிவு என்றார் டாக்டர். மகள் கட்டிலில் இருந்தபடியே இடக்கையால் ஏஜென்டுக்குப் போன் செய்தாள். சேரும் தேதியை மாற்ற முடியாதாம், அந்த இடத்துக்கு வேறு ஆள் இருக்கிறாளாம். அவள் "சரி சார்" என்று மட்டும் சொன்னாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் அவள் போக வேண்டிய விமானம் போன பிறகுதான் கணவர் வந்து சேர்ந்தார். செங்கோட்டை வழியாகப் பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். மகளின் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அழாதளா. கையோட போச்சேன்னு நெனச்சுக்கோ. புள்ள நல்லா இருக்கணும்னு நீ ஆய்க்குடியில வேண்டுனது வீண்போகல."