எல்லாமே சிவப்பாக வந்த வியாழக்கிழமை

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும். அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. இதை எழுத நாலு நாள் பிடித்தது. எனக்கு அவசரம் ஒன்றும் கிடையாது.

என் மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பு வரும். செல்போனில் கடை நடத்தும் ஒரு கம்பெனி, அந்தக் கடையைத் தினம் கொஞ்சம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. மாற்றும் முன் திரை எப்படி இருந்தது, மாற்றிய பின் எப்படி இருக்கிறது என்று இரண்டு படங்களை ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தில் சிவப்புப் பூச வேண்டும். பூசுவது இவள் எழுதிய புரோகிராம். இதே வேலையை நான் முப்பது வருடம் பட்டு முதலாளி வீட்டில் நெசவாளர்கள் கொண்டுவரும் ஜோடிப் புடவைகளை வைத்துக் கரண்ட் இல்லாமல் செய்தேன்.

அந்த வாரம் புரோகிராம் பாதியிலேயே செத்துச் செத்து விழுந்தது.

"இன்னாமா, அதுக்கு இன்னா கேடு?"

"மெமரி பத்தல அத்தை. ரெண்டு படத்தையும் முழுசா விரிச்சு வெச்சிக்குது. வித்தியாசத்தைக் காட்ட மூணாவதா வேற ஒண்ணு. ஒவ்வொண்ணும் நம்ம தெரு நீளம்."

வெள்ளிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் திங்கள்கிழமை முதல் சென்னை ஆபீசுக்கு வந்து பெரிய மெஷினில் உட்காரச் சொல்லிவிட்டார் மேனேஜர். இவள் சென்னை ஹாஸ்டலில், என் மகன் இங்கே தறியில். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை காலை அவள் முழுப் படத்தை விரிப்பதையே விட்டாள். இந்தப் படத்தில் பதினாறு வரி, அந்தப் படத்தில் பதினாறு வரி மட்டும் எடுக்கும். ஒப்பிட்டதும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பதினாறு. மூன்றாவது படமும் கிடையாது, வேறுபட்ட இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். புரோகிராம் சாகவில்லை. சந்தோஷத்தில் மேனேஜரை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினாள்.

மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு.

நான் காபியோடு பின்னால் நின்றிருந்தேன். முப்பது வருட அனுபவம் வாயை மூடிக்கொண்டு இருக்குமா? "அத்தனையும் பழுது. செஞ்சவன் மூஞ்சி மேலயே திருப்பி அனுப்பு" என்றேன்.

"யாருங்க அது?" என்றார் மேனேஜர்.

"எங்க மாமியார் சார்."

"அவங்களுக்கே தெரியுது பாருங்க. அப்போ திங்கள்கிழமை..."

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார்." சத்தத்தை அடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அத்தை, காபிய வெச்சிட்டுப் போறீங்களா?" மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் சுட்டது.

அந்த ஐந்து நிமிடத்தில் அவளே கண்டுபிடித்தாள். புதுப் படத்தின் உச்சியில் ஒரு விளம்பர வரி சேர்ந்திருந்தது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் அந்த அளவுக்கு இறங்கிவிட்டதால், எந்தப் பதினாறு வரியும் அதன் ஜோடியோடு சேரவில்லை. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று முதலில் பார்த்து, அந்த அளவு தள்ளி வைத்து ஒப்பிட வைத்தாள். சிவப்பு அந்த ஒரு வரியில் மட்டும் நின்றது. மெமரியும் ஏறவில்லை.

நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முள்ளிப்பட்டு ஊரிலிருந்து ஒரு நெசவாளர் கொண்டுவந்த ஜோடியை நான் இப்படித்தான் முழுவதும் பழுது என்று தள்ளினேன். ஒரு புடவையின் முந்தியில் ஒரு விரல் நீளம் கூடுதல். மடிப்புக்கு மடிப்பு ஒரு பூவும் ஒத்துவரவில்லை. "இன்னொரு தபா மடிச்சுப் பாருங்கக்கா" என்றார். நான் மடிக்கவில்லை. முந்தி ஒன்றுதான் பழுது. மீதிப் புடவை நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மேனேஜர் எல்லாப் படங்களையும் ஓடவிட்டுப் பார்த்தார். "சரி, நீங்க அங்கியே இருங்க" என்றார்.

காலையிலிருந்து தறிச் சத்தம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகன் கதவோரம் நின்று மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, நெய்யல?"

"நூல் அறுந்துகினே கீது."

போய்ப் பார்த்தேன். ஒரு நூலும் அறுந்திருக்கவில்லை. தீர்ப்புச் சொல்லாமல் அடுப்பைப் பார்க்கப் போனேன்.