யாங்ஜின் நம்பிய காக்கைகள்

யாங்ஜின் யாரையும் நம்பமாட்டாள். நேபாளத்து மலையூரான பாங்கோமில் இதை அவள் காதுபடவே சொல்வார்கள், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். மலையேற வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவது அவள் வேலை. மேரா மலையின் மேல்முகாம் வரைக்கும் அடுப்போடு போய் வருகிற சமையல்காரி அந்தப் பக்கத்தில் அவள் ஒருத்திதான். பத்தொன்பது முறை போயிருக்கிறாள். அந்த உயரத்தில் எவன் வாயிலிருந்தும் உண்மை வராது என்பது அவள் முடிவு. உச்சிக்குப் போக ஒரே ஓர் இரவு மிச்சமிருக்கும்போது தலை வலிக்கிறது என்று யார்தான் சொல்லுவார்கள்? சொன்னால் கீழே இறக்கிவிடுவார்கள். அதனால் சிரிப்பார்கள். சிரிக்கிறவனை அவள் இரண்டு தடவை பார்ப்பாள்.

வாயை நம்பாதவள் தட்டை நம்பினாள். உயரம் ஒத்துக்கொள்ளாதவனுக்கு முதலில் செத்துப்போவது பசி. ஆனால் ஒரு வருடம் ஒருவன் அதிலும் அவளை ஏமாற்றிவிட்டான். வேளாவேளைக்குக் காலித் தட்டாகத் திருப்பிக் கொடுத்தான். சாப்பாட்டையெல்லாம் பனியில் புதைத்திருந்தான். மலைக் காக்கைகள் தோண்டி எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கும்படி ஆகிவிட்டது. அன்றிலிருந்து கூடாரங்களுக்குப் பின்னால் காக்கை கூடுகிறதா என்று பார்ப்பாள்.

இந்த முறை ஏறியவர்கள் நான்கு பேர். டென்மார்க்கிலிருந்து வந்த பல் டாக்டர் ஹென்னிங், உதவி வழிகாட்டி பிர்காஜி ராய், யாங்ஜின், எல்லோரையும் நடத்திப்போகும் வழிகாட்டியான அவள் தம்பி கியால்சென். தலைவனாக அவனுக்கு இது முதல் பயணம். மற்ற மூவரும் விமானம் இறங்குகிற லுக்லாவிலிருந்து நாள் கணக்கில் நடந்து, உடம்பை உயரத்துக்குப் பழக்கிக்கொண்டு வந்தார்கள். கியால்சென் மட்டும் நான்கு மாதம் காத்மாண்டுவில் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு, பாதி வழியில் ஹெலிகாப்டரில் வந்து சேர்ந்துகொண்டான். "ஷெர்பாவுக்கென்ன, ஏறிடுவான்" என்றார்கள் எல்லோரும். யாங்ஜினும் அப்படித்தான் நினைத்தாள். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள்.

அவள் சந்தேகமெல்லாம் ஹென்னிங் மேல்தான். கடைசி ஊரான காரேயிலிருந்து பனியில் ஏறத் தொடங்கியதிலிருந்து அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அந்த ஆளு மூஞ்சி ஏன் அப்படிச் செவந்து கெடக்கு?" என்று பிர்காஜியைக் கேட்டாள்.

"வெயில்தாங்கா."

"நேத்தும் வெயிலுன்னே."

"நேத்தும் வெயில்தானே அடிச்சுது."

"சாப்பாடு பிரமாதம், சாப்பாடு பிரமாதம்னு வாய் ஓயாம சொல்றாரே, எதுக்கு?"

"பிரமாதமா இருக்கு, சொல்றாரு."

"என் சாப்பாடு எனக்குத் தெரியாதா? எதையோ மறைக்கிறாரு."

பிர்காஜி சிரித்துவிட்டு நடையை எட்டிப் போட்டான். அவனையும் ஒரு பார்வை பார்த்து வைத்தாள்.

மதியத்துக்குள் மேல்முகாம் வந்துவிட்டது. பாறைக்கு அடியில் ஏற்கெனவே வேறு இரண்டு குழுக்கள் கூடாரம் போட்டிருந்தன. யாங்ஜின் பனியை உருக்கிப் பூண்டு சூப் வைத்தாள், கீழே சுட்டு எடுத்து வந்த உருளைக்கிழங்கு அடைகளைச் சுட வைத்துக் கொடுத்தாள். தட்டுகள் மூன்றும் காலியாகத் திரும்பின. கொஞ்ச நேரத்தில் கூடாரங்களுக்குப் பின்னால் இரண்டு காக்கைகள் இறங்கின.

மாட்டிக்கிட்டாரு பல் டாக்டர் என்று எழுந்து போனாள். காக்கைகள் கிளறிப்போட்டிருந்த பனியில் பாதி அடை கிடந்தது. குனிந்து எடுத்தாள். அடை சிவப்பாக இருந்தது. ஹென்னிங்குக்கு அவள் மிளகாய் போடுவதே இல்லை. பிர்காஜியோ அவள் எதிரிலேயே உட்கார்ந்து தட்டை நக்காத குறையாகத் தின்றவன். கூடாரத்துக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட்டது கியால்சென் ஒருவன்தான்.

அவளுக்குக் காக்கைகளே பொய் சொல்லியிருக்கக்கூடாதா என்றிருந்தது. சமையல் கூடாரத்துக் கயிறு தளர்ந்திருப்பதாகச் சொல்லித் தம்பியைக் கூப்பிட்டாள். தள்ளாடாமலிருக்கக் கால்களை அகட்டி வைத்து நடந்து வந்தான். பிறந்ததிலிருந்து போடுகிற முடிச்சு, மூன்று தடவை போட்டும் விழவில்லை.

"தலை வலிக்குதாடா?"

"எனக்கா? ஏங்கா, நீ என்னையும் ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தான். அடுத்த குழுவின் வழிகாட்டிகள் காதில் விழவேண்டும் என்று சத்தமாகவே சிரித்தான்.

இதற்கு மேல் கேட்டால் வீம்புக்காகவே ஏறுவான். இரவு ஏறினால் நாளைக்கு இறங்குவானா என்பது சந்தேகம். அவனோடு ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போகிறவர்களும்தான். யாங்ஜின் அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தலை சுத்துதுடா. என்னைக் கீழ கொண்டு போயிடு."

எல்லோரும் ஓடிவந்தார்கள். பத்தொன்பது முறை வந்தவளுக்கா என்று பக்கத்துக் கூடாரத்திலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள்.

"பிர்காஜிய அனுப்புறேங்கா. பத்திரமா எறக்கிடுவான்."

"கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், அடுத்த வீட்டுப் புள்ள கையப் புடிச்சிக்கிட்டு எறங்கச் சொல்றியா? போடா."

கியால்சென் பிர்காஜியைப் பார்த்தான். பிர்காஜிக்கு வழி தெரியும், வானமும் தெளிவாக இருந்தது. "சரி, நீ அவரை மேல கூட்டிட்டுப் போ" என்றான். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டான் என்று யாங்ஜினுக்குத் தோன்றியது.

இறங்கும்போது அவள் அவன் மேல் சாய்ந்துகொண்டு வருவதாகப் பேர். யார் யாரைத் தாங்கினார்கள் என்பது அவள் தோளுக்குத் தெரியும். பனி முடிகிற இடத்தில் அவன் ஒதுங்கிப் போய் வாந்தி எடுத்தான்.

"நேத்துத் தின்ன காஞ்ச பாலாடைக்கட்டி ஒத்துக்கலக்கா."

"எனக்கும் அதுதான் ஒத்துக்கல" என்றாள்.

காரேயில் இரவெல்லாம் தூங்கி எழுந்ததும் அவன் தெளிந்துவிட்டான். காலையில் இரண்டு தட்டு சாப்பிட்டான். மத்தியானம் ஹென்னிங் உச்சியைத் தொட்டுவிட்டு மூஞ்சி இன்னும் சிவக்க வந்து சேர்ந்தார். நேராக யாங்ஜினிடம் போய், "உங்க தலைச்சுத்தல் தேவலையா?" என்று விசாரித்தார். அவரைச் சந்தேகப்பட்டது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவர்கள் ஊர் வந்து சேர்வதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. யாங்ஜினுக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லையாம், வயசாகிவிட்டதாம். அடுத்த பருவத்துக்கு மேல்முகாமுக்கு வேறு சமையல்காரனைப் போட்டார்கள். வாயைத் திறந்திருந்தால் வேலை திரும்பக் கிடைத்திருக்கும், தம்பியின் வேலை போயிருக்கும். அவள் திறக்கவில்லை. ஆனால் அழுதாள், அடுப்புப் புகைதான் என்று கேட்டவர்களிடம் சொன்னாள்.

அந்தப் பருவத்தில் புறப்படுவதற்கு முன் கியால்சென் அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். யாங்ஜின் மிளகாய் போட்டு அடை சுட்டுக் கொடுத்தாள். ஹெலிகாப்டரில் போகிறானா என்ற கேள்வி வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டாள். அவன் தலை நிமிராமல் தின்றான். தின்று முடித்ததும் தட்டை அவள் பக்கம் சாய்த்து, அடி தெரியும்படி காட்டினான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

"இந்தத் தடவை மொதல்லேர்ந்தே நடந்து போறேங்கா" என்றான். அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

"போ, போய்ட்டு வா" என்றாள்.

அவன் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் வாசலில் நின்றாள். பிறகு, இருக்கட்டும் என்று வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். ஒரு காக்கை கூட இல்லை.